நாலாவது ஆணி

எங்கள் மன்றத்துச் சுவரில் நான்கு ஆணிகள் இருந்தன. மூன்றில் படம் தொங்கியது. நான்காவதில் மழைக்காலத்தில் குடை தொங்கும், வெயில் காலத்தில் யாராவது கழற்றிப் போட்ட சட்டை தொங்கும். அந்த நான்காவது ஆணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. வயதானால் கோபம் அடங்கும் என்கிறார்கள். அடங்குகிறவர்களுக்கு அடங்கட்டும். எனக்கு அடங்கவில்லை.

மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆம்பூரில் நாங்கள் வேலை பார்த்த டேனரிக்குப் பின்னால் ஓடு போட்ட ஒற்றை அறை. ஒரு கேரம் போர்டு, இரண்டு பெஞ்சு, பாதி நாள் கரகரக்கும் ஒரு ரேடியோ. வெளியே, தோல் காயப்போடும் களத்தை ஒட்டி, வாலிபால் மைதானம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நாற்றம்தான். வெளியூர் அணிக்காரர்கள் முதல் ஆட்டம் முழுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆடுவார்கள். அதற்குள் நாங்கள் ஏழெட்டுப் புள்ளி எடுத்துவிடுவோம்.

மன்றத்தில் ஒருவர் படத்தை மாட்டுவதை நாங்கள் சுவர் ஏறுவது என்று சொல்வோம். சுவர் ஏற வேண்டுமென்றால் மன்றத்துக்கு ஆடியிருக்க வேண்டும், கோப்பை கொண்டுவந்திருக்க வேண்டும், கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். செத்திருக்க வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. ஆனால் மேலே இருந்த மூன்று பேருமே செத்தவர்கள்தான். மூன்று படங்களிலும் சந்தனப் பொட்டும் காய்ந்த மாலையும் இருந்தன. அது அன்றைக்கு யார் கண்ணுக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை, என் கண்ணுக்கும்தான்.

நான்காவது ஆணியை அடித்தது எழுபதுகளின் நடுவில். எங்கள் லிஃப்டருக்காக அடித்தது. வாலிபால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறு பேரில் ஒருவன் பந்தை ஓங்கி அடிக்கமாட்டான். எங்கிருந்தோ தாறுமாறாக வரும் பந்தின் அடியில் போய் நின்று, அதை விரல் நுனியில் வாங்கி, வலைக்கு மேலே, அடிக்கிறவன் கைக்குச் சரியாக எட்டும் இடத்தில் போட்டுக் கொடுப்பான். அவன்தான் லிஃப்டர். அடுத்த பந்து யாருக்கு, எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று முடிவு செய்வது அவன். அடிப்பது ஸ்மாஷர். ஸ்மாஷர் நான். கைதட்டலும் எனக்குத்தான்.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பந்து விரலைத் தொடுவதற்கு முன்னால் மெதுவாக ‘இந்தா’ என்பான். சாப்பாட்டுத் தட்டை நகர்த்துகிறவன் குரலில் சொல்வான். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் நான் குதிப்பேன். பந்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. மேலே போனால் அது அங்கே இருக்கும். ஐந்து வருஷம் அப்படி ஆடினோம். இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கினோம். இரண்டாவது கோப்பை வந்த சாயங்காலம் மன்றத்துச் செயலாளர் தன் கையாலேயே அந்த ஆணியை அடித்து, இது உனக்குத்தான், நீ ஆட்டத்தை விடும் அன்றைக்கு உன் படம் இங்கே ஏறும் என்று எல்லார் முன்னாலும் அவனிடம் சொன்னார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

செயலாளருக்கு இன்னொரு முகமும் உண்டு. டேனரியில் சுண்ணாம்புக் குழிகளுக்கு அவர்தான் மேஸ்திரி. நானும் லிஃப்டரும் ஒரே தெரு. ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு பேரும் அந்தக் குழிகளில்தான் இறங்கினோம். முடி கழல்வதற்காகப் பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பார்கள். அதை இழுத்துப் புரட்டிப் போடுவது எங்கள் வேலை. சுண்ணாம்பு முதலில் நகக்கண்ணைத் தின்னும், அப்புறம் விரல் நுனியைத் தின்னும். தோல் வெடித்து, அந்த வெடிப்பில் திரும்பவும் சுண்ணாம்பு இறங்கும். வீட்டில் போய்ச் சோற்றைப் பிசையும்போது கண்ணில் தண்ணீர் வரும்.

நான் ஆறே மாதத்தில் குழியை விட்டு மேலே வந்துவிட்டேன். ஒரு நாள் மேஸ்திரியிடம் கை எரிகிறது, அடிக்க முடியவில்லை என்று சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை தோல் அளக்கிற ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். காய்ந்த இடம், மின்விசிறி வேறு. லிஃப்டர் ஏழு வருஷம் குழியிலேயே கிடந்தான். மேட்ச்சுக்கு முந்தின நாளே கஞ்சித் தண்ணீரில் கையை ஊறவைப்பான். காலையில் கடலை எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரல் நுனியிலும் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வருவான். அந்த விரல்களிலிருந்துதான் எனக்குப் பந்து வந்தது. என் பெயரைக் கூட்டம் கத்தியது.

அவன் மூன்று முறை இடமாற்றம் கேட்டான். மூன்றாவது முறை நான் பக்கத்தில் இருந்தேன். மேஸ்திரி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்ன வார்த்தைகள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கின்றன.

“அவன் அடிக்கறவன், அவனுக்குக் கை முக்கியம். நீ சும்மா தூக்கிக் குடுக்கறவன்தானேபா. உனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?”

லிஃப்டர் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரே ஒரு வார்த்தை, இவன் விரல் இல்லாவிட்டால் நான் அடிப்பதற்குப் பந்தே இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மேஸ்திரி கேட்டிருப்பார். நான் தரையைப் பார்த்தேன். மேஸ்திரி மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரு பங்கு என்றால், அன்றைக்குத் தரையைப் பார்த்த அந்த மடையன் மேல் இருக்கும் கோபம் பத்துப் பங்கு.

அதற்கு அடுத்த மாதம் அவன் போய்விட்டான். அரக்கோணத்துப் பக்கம் ஒரு கம்பெனி, வாலிபால் அணி வைத்திருந்தது. கூப்பிட்டு நிரந்தர வேலையும் குடியிருக்க குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். ஸ்டோரில் உட்கார்ந்து எழுதும் வேலை. யாரிடமும் சொல்லாமல் போனான். சொல்லியிருந்தால் நாங்கள் விட்டிருக்கவும் மாட்டோம். மூன்றாவது கோப்பைக்கான போட்டி தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. ஆம்பூர் டீக்கடைகளில் அவனைத் திட்டாத வாய் இல்லை. நான் எல்லாரையும்விட உரக்கத் திட்டினேன்.

இறுதி ஆட்டம் வேலூரில் நடந்தது. எதிரில் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்து, ஐந்தாவது ஆட்டம் கடைசிப் புள்ளிக்கு வந்து நின்றது. அவர்கள் பக்கம் பந்து, அதன் அடியில் அவன். வலைக்கு இந்தப் பக்கம் தடுப்பதற்கு நான் நிற்கிறேன். தடுக்கிறவன் பொறுத்துக் குதிக்க வேண்டும். எதிராளி அடிக்கக் கை ஓங்கின பிறகுதான் குதிக்க வேண்டும். அவன் ‘இந்தா’ என்றான்.

என் கால் தரையை விட்டது. நான் நினைத்துக் குதிக்கவில்லை, அந்தச் சத்தத்துக்கு அப்படிப் பழகியிருந்தது உடம்பு. நான் மேலே போய்க் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது அவர்கள் ஆள் நிதானமாக என் தலைக்கு மேலே அடித்துவிட்டுப் போனான். அவ்வளவுதான், கோப்பை போயிற்று. துரோகி நம் ஆட்டமெல்லாம் தெரிந்துகொண்டு போய் நம்மையே கவிழ்த்துவிட்டான் என்று எங்கள் ஆட்கள் கூவினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தோற்கடித்தது என் கால் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். நான் குதித்ததை அவன் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தான்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வலைக்கு அடியில் கை கொடுக்க வேண்டும். அவன் என் முன்னால் வந்து கையை நீட்டினான். பிளாஸ்திரி சுற்றாத கை. ஒரு மாதத்தில் விரல்கள் ஆறத் தொடங்கியிருந்தன. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனேன். எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள்.

அப்புறம் ஏழெட்டு வருஷம் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மன்றத்துக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிறது என்று சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். ஆணிகளைப் பிடுங்கலாமா என்ற பேச்சு வந்தபோதுதான் பாய் எழுந்தார். பாய் எங்கள் அணியில் பின்வரிசையில் ஆடியவர். கிழிந்த பந்துகளைத் தைத்துக் கொடுப்பதும் அவர்தான். பந்து யார் விரலில் எப்படிப் பட்டது என்று தோலைத் தடவியே சொல்லுவார். நான்காவது ஆணிக்குச் சொந்தக்காரன் இருக்கிறான், அவன் படத்தை மாட்ட வேண்டும் என்றார். அலமாரியில் இருக்கும் இரண்டு கோப்பையும் யார் விரலில் வந்தது என்று கேட்டார்.

முதலில் வாயைத் திறந்தவன் நான்தான். எழுந்து நின்று சொன்னேன்.

“செவுரு ஏறிக் குதிச்சு ஓடுனவனுக்கு இந்தச் செவுரா?”

சிரிப்பும் கைதட்டலும் ஓய வெகுநேரம் ஆனது. வார்த்தை நன்றாக வந்து விழுந்ததில் எனக்கே பெருமை. கை தூக்கச் சொன்னார்கள். பாய் கை ஒன்று, மற்ற எல்லாக் கையும் எதிரே. பாய் என்னை முறைக்கவில்லை, திட்டவில்லை. நீ பேசினதுதான் தோஸ்த் எனக்கு ஜாஸ்தி நோவுது என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அன்றைக்கே அவர் பின்னால் ஓடியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மேஸ்திரி உறவுக்காரர் ஒருவரை ரயில் ஏற்றிவிடக் காட்பாடிக்குப் போனார். பிளாட்பாரத்தில் வண்டி நகரத் தொடங்கியபோது ஜன்னலோரத்தில் தெரிந்த முகம். லிஃப்டர் வேலை பார்க்கும் அந்த அரக்கோணத்துக் கம்பெனியின் பழைய ஆட்டக்காரர். மேஸ்திரி கூடவே நடந்து, எங்க லிஃப்டர் எப்படி இருக்கான் என்று கேட்டார். அந்த ஆள் தலையை வெளியே நீட்டி, “அவரு போய்ட்டாருங்களே, போன வாரம்” என்று சொல்ல, வண்டி வேகம் எடுத்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் போய்ட்டார் என்றால் போய்ட்டார்தான். கடைக்குப் போனாலும் அதே வார்த்தை, காட்டுக்குப் போனாலும் அதே வார்த்தை. ஆனால் வயதில் மூத்தவரிடம் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, போன வாரம் என்று நாளையும் சேர்த்துச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம் என்று மேஸ்திரி எடுத்துக்கொண்டார். நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். ஆம்பூர் வந்து அவர் மன்றத்தில் சொன்னதும் ரேடியோவை நிறுத்தினார்கள். ஒருவன் கேரம் காய்களைச் சத்தமில்லாமல் பையில் போட்டான்.

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. துரோகி என்ற வாய்களெல்லாம் தங்கமான மனுஷன் என்றன. படத்தை மாட்ட வேண்டும் என்று முதலில் சொன்னதே மேஸ்திரிதான். ஓட்டெடுப்புக்கூட இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் எதிரே தூக்கின கைகளெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் என் கையும் ஒன்று.

படம் என் வீட்டில்தான் இருந்தது. இரண்டாவது கோப்பையோடு எடுத்த குரூப் போட்டோ. நாற்காலியில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பான். பின்னால் நான் நின்றுகொண்டு அவன் தோளில் கை போட்டிருப்பேன். கடைத்தெரு ஸ்டுடியோவில் கொடுத்து அவனை மட்டும் பெரிதாக்கச் சொன்னேன். ஸ்டுடியோக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, தோளில் வேறு யாருடைய விரலோ நான்கு வருகிறது, டச் செய்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அது நண்பனுடைய கை, எல்லாரும் பார்க்கட்டும் என்று வேறு சொன்னேன். எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

படம் ஏறியது. சந்தனம், குங்குமம், ரோஜா மாலை, ஊதுபத்தி. மேஸ்திரி பேசினார். அப்படி ஒரு விரல் இனி இந்த ஜில்லாவில் பிறக்காது என்றார். ஏழு வருஷம் அந்த விரலைச் சுண்ணாம்பில் ஊறவைத்தவர் அதைச் சொன்னார். நான் பேசும்போது பாதியில் அழுதுவிட்டேன். அழுகை பொய்யில்லை. ஆனால் செத்தவன் முன்னால் அழுவதைப்போலச் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை. அவன் எதிர்க்கேள்வி கேட்கமாட்டான், கையை நீட்டமாட்டான்.

பத்தாவது நாள் நானும் பாயும் துக்கம் விசாரிக்க அரக்கோணம் போனோம். ரயிலில் பாய் என் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்தே வந்தார். இறங்கும்போது மட்டும், துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது வர்றேன் என்று சொல்லிவைக்காதே, உனக்கு அந்த வாய் ஜாஸ்தி என்று எச்சரித்தார். கம்பெனி வாசலில் காவல்காரரிடம் விஷயத்தைச் சொன்னோம். ஆமாம், போய்ட்டாரு என்றார் அவர். எப்படிப் போனார் என்று பாய் மெதுவாகக் கேட்டார்.

“இன்னா எப்படி? லாரில சாமானெல்லாம் ஏத்திகினு, பொண்டாட்டி புள்ளைங்களோட போனாரு.”

பாய் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குடும்பத்தோடயா என்று அவர் வாயிலிருந்து காற்றாக வந்தது. காவல்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடியாத்தம் போயிருக்கிறார், மனைவியின் ஊர், விரலெல்லாம் மடங்காமல் போய் ஆட்டம் நின்றுவிட்டது, அப்புறம் இங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார் என விளக்கினார். பாய் அங்கேயே தரையில் உட்கார்ந்து, அல்லாவை நினைத்து இரண்டு கையையும் ஏந்தினார். அப்புறம் சிரிக்கத் தொடங்கினார். ரயில் ஏறியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவன் உயிரோடு இருக்கிறான், படம் சுவரில் இருக்கிறது, எல்லாம் நேராகிவிட்டது என்று முழு முட்டாளாக நம்பிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் மன்றத்தில் சொன்னோம். அப்பாடா என்று ஒருவராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். மேஸ்திரி சுவரைப் பார்த்தார், அப்புறம் பெஞ்சின் மேல் ஏறினார்.

“உயிரோட இருக்கறவனுக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டா அவன் ஆயுசுக்கே ஆவாதுபா. எறக்கிடலாம்.”

மாலையை எடுங்கள், பொட்டைத் துடையுங்கள், படம் இருக்கட்டும் என்றேன். நான் திரும்பவும் சொன்னேன். அப்போது பின்னாலிருந்து ஒருவன், அது வேறு விஷயம், அதைத்தான் அன்றைக்கே கை தூக்கி முடிவு செய்தாயிற்றே, சுவர் ஏறிக் குதித்தவனுக்குச் சுவரா என்று நீதானே கேட்டாய் என்றான். மறுபடியும் சிரிப்பு, அதே இடத்தில், அதே வார்த்தைக்கு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கேரம் போர்டை எட்டி உதைத்தேன். சுண்ணாம்புக் குழிப் பேச்சை இழுத்தேன், மூன்று முறை அவன் கேட்டதை இழுத்தேன். வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நில்லுங்கள், ஆணியை நீங்கள்தானே அடித்தீர்கள் என்று மேஸ்திரியைப் பார்த்துக் கத்தினேன். அவன் போனான், போனது நிஜம். நம்மைத் தோற்கடித்த அணியில் ஆடினான், அதுவும் நிஜம். ஆனால் அந்த இரண்டு கோப்பையும் நிஜம்தானே, அவன் போனதும் அவை தகரமாகிவிட்டனவா என்று கேட்டேன். அவன் செத்திருந்தால் அவன் போனதை மன்னிப்பீர்கள், பிழைத்திருந்தால் மன்னிக்கமாட்டீர்கள் என்றால் அவன் செய்த குற்றம் போனதா, பிழைத்திருப்பதா என்று கேட்டேன். கடைசியில் இத்தனை வருஷமாகச் சொல்லாததையும் சொன்னேன்.

“ஃபைனல தோத்தது நான். அவன் ‘இந்தா’ன்னதுக்கு நான் குதிச்சேன். என் காலுதான் தோத்துச்சு.”

மேஸ்திரி படத்தைக் கழற்றிக்கொண்டே, தோஸ்து செத்துப் பிழைத்த சந்தோஷத்தில் பேசுகிறான், விடுங்கள் என்றார். பொய்யைச் சொன்னபோது கைதட்டியவர்கள், நிஜத்தைச் சொன்னபோது பரிதாபப்பட்டார்கள். யாரும் நம்பவில்லை. படத்தை மாலையோடு அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைக்கப் போனார். நான் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதோடு அந்த மன்றத்துக்குள் நான் காலெடுத்து வைக்கவில்லை.

மறுநாள் படத்தை ஒரு பழைய லுங்கியில் சுற்றி எடுத்துக்கொண்டு குடியாத்தம் பஸ் ஏறினேன். பாய் வரவில்லை. இது உன் கணக்கு, நீயே போ என்றுவிட்டார். விசைத்தறிச் சத்தம் தெருவெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு தறிக்கொட்டகை வாசலில் உட்கார்ந்து அவன் லுங்கிகளை மடித்துக்கொண்டிருந்தான். விரல்கள் நேராகவே நிற்க, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி மடித்தான். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் எழுந்திருக்கவில்லை. உட்கார் என்று பக்கத்து மூட்டையைக் காட்டினான்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். மேஸ்திரி, காட்பாடி, மாலை, என் அழுகை, கடைசியில் இறக்கியது, ஒன்றையும் விடவில்லை. அவன் மடிப்பதை நிறுத்தாமல் கேட்டான். படத்தைப் பிரித்ததும் அவன் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்து, பொட்டைக் கண்டு அலறிவிட்டு, முதலில் அதைத் துடையுங்கள் என்று ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் கண்ணாடியை மெதுவாகத் துடைத்தான். எத்தனை நாள் மேலே இருந்தது என்று கேட்டான். பதினொரு நாள் என்றேன்.

“காரியத்துக்கு முன்னாடியே எறக்கிட்டீங்களா?” என்றான்.

அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி அவர்களிடம் சொல்லிவிட்டேன், நான் குதித்ததை ஒப்புக்கொண்டேன் என்றேன். அவன் துடைப்பதை நிறுத்தினான். நீ குதிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லை என்றான். உனக்குத் தெரியாது, நீ குதிச்சதைப் பார்த்தப்ப நான் சந்தோஷப்பட்டேன், இன்னும் என் குரல் இவன் காதுல இருக்குதேன்னு நெனைச்சேன், அதான் ஓடி வந்து மொதல்ல உனக்குக் கை குடுத்தேன் என்றான்.

அப்போதாவது கையை நீட்டலாம் என்று தோன்றியது. நீட்டியும் விட்டேன். அவன் அந்தக் கையைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோளில் இருந்த நான்கு விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டான்.

“இது யார் கை?”

என்னுது என்றேன். அவன் படத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கி, நான் நீட்டிய கைக்கு நேராகக் கொண்டுவந்தான்.

“இந்தா. செவுரு வேணாம், படம் எனக்கு இருக்கட்டும். இந்த விரல மட்டும் எடுத்துட்டுக் கொண்டா.”

வாங்கிக்கொண்டேன். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவனைப்போல, வர்றேன் என்று சொல்லாமலே இறங்கி நடந்தேன். பஸ்ஸில் வரும்போது யார் மேல் கோபப்படுவது என்று தேடிக்கொண்டே வந்தேன். மேஸ்திரி மேல் பட்டேன், கைதட்டினவர்கள் மேல் பட்டேன், காட்பாடியில் தலையை நீட்டிய அந்த மனிதர் மேல்கூடப் பட்டேன். அவன் மேல் மட்டும் பட முடியவில்லை.

ஆம்பூரில் இறங்கி நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன். அன்றைக்கு வேண்டாம் என்றீர்களே, நண்பர் கை என்றீர்களே என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். படத்தை மேசை மேல் வைத்தேன். அவர் மெல்லிய தூரிகையைக் கறுப்பு மையில் தொட்டு, அவன் சட்டையின் நிறத்தோடு பொருந்துகிற மாதிரி என் விரல்களை ஒவ்வொன்றாக அழித்தார். காயும் வரை உட்காரச் சொன்னார். காய்ந்ததும் பார்த்தேன், அங்கே ஒரு கை இருந்ததே தெரியவில்லை.